விர்ச்சுவல் மெஷினில் கர்னல் பேனிக்: கேள்வி பதில்

எங்கள் நாகர்கோவில் லினக்ஸ் பயனர் குழுவுக்கு இம்மாதம் வந்த கேள்விகளுக்குப் பதிலளிக்கிறேன். கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறிப்பிடுகிறேன். கர்னல் என்பது இயங்குதளத்தின் மையப்பகுதி; தொடர முடியாத பிழையால் அது நின்றுவிடுவதே பேனிக். விர்ச்சுவல் மெஷின் என்பது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி; வெளியே இருக்கும் நிஜக் கணினி ஹோஸ்ட், உள்ளே ஓடுவது கெஸ்ட்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவி: சார், கர்னல் அப்டேட் ஆகும்போது மழையில் கரண்ட் போய்விட்டது. இப்போது விர்ச்சுவல் மெஷினில் உபுண்டு, ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை, ‘அன்னோன் பிளாக் 0,0’ என்று சொல்லி நிற்கிறது. புதிதாக நிறுவிவிடவா?

வேண்டாம் அம்மா, உங்கள் கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். 0,0 என்றால் கர்னலின் கண்ணுக்கு வட்டே தெரியவில்லை என்று பொருள். வட்டை அடைவதற்கான டிரைவர்களைச் சுமந்து வரும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு, கரண்ட் போன நேரத்தில் உருவாகாமலோ பாதியிலோ நின்றிருக்க வேண்டும். முதலில் மெஷினை அணைத்து, அதன் வட்டுக் கோப்பை வேறொரு டிரைவில் நகலெடுங்கள். இதைச் செய்யாமல் எதையும் தொடாதீர்கள். பிறகு மெஷின் தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ சென்று பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே நுழைந்ததும் பூட் பகுதியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜி பாதியில் விட்ட வேலையை முடித்துவிட்டு, புதிய கர்னல் தொகுப்பை மறுபடி நிறுவினால் விடுபட்ட கோப்பு உருவாகிவிடும்.

தக்கலை: ‘சாஃப்ட் லாக்கப், சிபியு 22 விநாடி சிக்கியது’ என்று வருகிறது. லேப்டாப்பில் 4 கோர். மெஷினுக்கு 8 கொடுத்திருக்கிறேன்.

இது எச்சரிக்கைதான், பேனிக் அன்று. ஒரு சிபியு 20 விநாடிக்கு மேல் வேறு வேலைக்கு வழிவிடாதிருந்தால் கர்னல் இப்படி எழுதும். ஹோஸ்ட் நேரம் ஒதுக்காமல் கெஸ்டை நிறுத்தி வைத்தாலும், உள்ளே இருக்கும் கர்னலுக்குச் சிபியு உறைந்துவிட்டதாகவே தோன்றும். 2 ஆகக் குறைத்துப் பாருங்கள்.

குளச்சல்: அண்ணன் சொல்வதை ஏற்க முடியவில்லை. 2 சிபியு மட்டுமே கொடுத்த என் மெஷினிலும் இதே செய்தி வருகிறது, கர்னல்தான் குற்றவாளி.

தக்கலை: குறைத்தேன், காலையிலிருந்து வரவில்லை.

இருவர் மெஷினிலும் நோய் ஒன்றல்ல. குளச்சல் நண்பர் செய்தியோடு வரும் கால் டிரேஸை, அதாவது அப்போது ஓடிய ஃபங்ஷன்களின் பட்டியலைப் பார்க்கட்டும்: ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவரின் ஒரே ஃபங்ஷன் நின்றால் அவர் கட்சியே சரி, அந்த டிரைவரைத்தான் துருவ வேண்டும், இடம் மாறிக்கொண்டே இருந்தால் ஹோஸ்டின் நெரிசலைப் பாருங்கள். லினக்ஸின் கேவிஎம் வழியே மெஷின் ஓட்டுகிறவர்கள், கெஸ்டில் டாப் கட்டளை காட்டும் ‘எஸ்டி’ எண் (ஹோஸ்ட் தராமல் காக்கவைத்த சிபியு நேரம்) ஏறுகிறதா என்று பார்த்தால் வாதமே தேவைப்படாது.

குழித்துறை: விர்ச்சுவல் மெஷின் மென்பொருளான கியூஎம்யுவில் அல்மாலினக்ஸ் 9 ‘இனிட்டைக் கொல்ல முயற்சி’ என்று பேனிக் ஆகிறது.

இனிட் என்பது கர்னல் முதலில் தொடங்கும் நிரல், அது நின்றால் பேனிக் வரும். கடைசி வரியை மட்டும் படிக்காதீர்கள், அதற்கு மேலே காரணம் இருக்கும். அங்கே சிபியு எக்ஸ்86-64-வி2 நிலையை ஆதரிக்கவில்லை என்று லினக்ஸ் நிரல்களின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி முறையிட்டிருந்தால், குறை நீங்கள் விட்டுவைத்த இயல்பான சிபியு மாதிரியில் இருக்கிறது. ‘ஹோஸ்ட்’ என்று மாற்றுங்கள்.

அருமனை: ஸ்னாப்ஷாட் இருக்கிறதே, நகல் எதற்கு?

ஸ்னாப்ஷாட், அதாவது மெஷினின் ஒரு கணத்து நிலைப் பதிவு, மூல வட்டுக் கோப்பைச் சார்ந்தது. மூலம் கெட்டால் அதுவும் போகும். நகல் எடுங்கள்.

கருங்கல்: விண்டோஸ் கெஸ்டில் நீலத்திரை வருகிறது.

என் துறை லினக்ஸ். நீலத்திரையின்போது விண்டோஸ் எழுதிவைக்கும் மினிடம்ப் கோப்புடன் விண்டோஸ் அறிந்தவரை அணுகுங்கள்.

திங்கள்சந்தை: பேனிக் திரையின் படம் இணைத்துள்ளேன். புதிதாக நிறுவிவிடவா?

இதே கேள்வி இரண்டாம் முறை: வேண்டாம். படத்தில் கடைசி 20 வரிகளே உள்ளன, தொடக்கம் மேலே ஓடிவிட்டது. மெஷினுக்கு ஒரு சீரியல் போர்ட் சேர்த்து, அதை ஹோஸ்டில் ஒரு கோப்புக்குத் திருப்பி, கர்னல் கட்டளை வரியிலும் அந்தக் கன்சோலைக் குறிப்பிட்டால் முழுச் செய்தியும் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கோப்பை அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.