குண்டாக இருப்பவர்களுக்குத் தசையும் பெரிதாகத்தானே இருக்கும், பிறகு ஏன் தசையும் தசைநாணும் கெடுகிறது என்கிறார்கள்?

உங்களுக்கும் குதிகால் வலி வந்து, போன இடத்திலெல்லாம் "எடையைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, அரிசிக் கடைக்காரன். என் உடம்பில் பட்டதையும், எனக்குப் பிசியோதெரபி கொடுத்த பெண் படம் வரைந்து விளக்கியதையும் மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டதில் பாதி சரி. கனமான உடம்பை நாள் முழுக்கச் சுமக்கும் தொடையும் கெண்டைக்காலும் பெருக்கத்தான் செய்யும். 98 கிலோ இருந்தபோது வலது தோளில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிப்பம், அதாவது அரிசி மூட்டை, வைத்து லாரியிலிருந்து கடைக்குள் நடப்பேன். தெருவே அதைச் சொல்லும். ஆனால் நாலாவது நடையில் கால் துவண்டுவிடும். வயசாகிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்தப் பலத்தை என் எடையோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தால் குறைவுதான் என்று அப்போது தெரியாது.

கறிக்கடையில் சதைக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடுமே, அதுபோலத் தசைக் கட்டுகளுக்கு இடையிலும், தசை நாருக்கு உள்ளேயும்கூடக் கொழுப்பு சேர்கிறது. கால் பருமனாகத் தெரியும், இழுக்கிற சதை அந்த அளவுக்கு இருக்காது. நெடுநேரம் தாங்கும் நார்களின் பங்கு குறைந்து, சீக்கிரம் களைக்கிற நார்களின் பங்கு கூடுகிறதாம். என் நாலாவது நடைக்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

தசையை எலும்போடு கட்டும் தசைநாண், கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆன கயிறு. ரத்த ஓட்டம் குறைவு, அதனால் பழுது ஆறவும் நாளாகும். எனக்குக் குதிகாலுக்கு மேலே மூன்று விரல் தள்ளி ஒரு முண்டு. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் பத்தடிக்குச் சுவரைப் பிடித்துத்தான் நடை. ஸ்கேனில் அந்த இடம் தடித்திருந்தது. தடிப்பு என்றால் வலு என்று நினைக்காதீர்கள். இழைகள் வரிசை கலைந்து, நடுவே நீர் கோத்த தடிப்பு அது.

இரண்டு வருடம் கழித்து இடது தோளில் தசைநாண் கிழிந்தது. மூட்டை தூக்குகிறவனுக்குத் தோள் போகாதா என்று கேட்க வருபவர்களுக்கு: நான் சுமந்தது எப்போதும் வலது தோளில். "பாரம் மட்டும் இல்லண்ணா. கொழுப்புத் திசு சுரக்கிற சில பொருள்கள் உடம்பு முழுக்க லேசான அழற்சியை வச்சிருக்கும். சர்க்கரை கூடினா அது கொலாஜன்ல ஒட்டி விறைக்க வைக்கும்" என்றார் அந்தப் பெண். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. என் தோளுக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. ஆனால் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சீட்டு எழுதிய முதல் மருத்துவர் இதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தோளையும் கவனித்திருப்பேன்.



பயத்தில் இரண்டு மாதம் கஞ்சி மட்டும் குடித்து 11 கிலோ இறக்கினேன். அதைச் செய்யாதீர்கள். கொழுப்போடு தசையும் கரைந்து, மாடிப்படியில் தொடை நடுங்கியது. பிறகு முட்டை, பருப்பு, சுண்டலைக் கூட்டிக்கொண்டு, படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெதுவாக இறக்கும் பயிற்சி செய்தேன். முழங்காலை நீட்டி 15 தடவை, மூன்று சுற்று. மடக்கி அதேபோல. காலையும் மாலையும், 12 வாரம். 1998இல் ஆல்ஃப்ரெட்சன் என்ற சுவீடன் மருத்துவர் வெளியிட்ட முறை அது. முதல் இரண்டு வாரம் வலி கூடியது. ஆறாவது வாரம் சுவரைப் பிடிக்காமல் குளியலறை வரை நடந்தேன்.

இப்போது 84 கிலோ. முண்டு இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறது, வலி இல்லை. இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடிவதில்லை. மேல் அடுக்குச் சிப்பத்தைப் பையன்தான் இறக்குகிறான்.