கொரியன் டீச்சர் பதில்கள்: 'மழை வந்துருமோ'வும் 'தண்ணி விழுதாம்' என்பதும்

(பாளையங்கோட்டையில் மாடி வகுப்பு நடத்தும் கொரிய மொழி ஆசிரியை, இடைநிலை மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். கொரியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறார். 'நுஜொஸொ', '-னுராகோ' போன்றவற்றில் வரும் உகரத்தை, 'பாட்டு' என்பதன் கடைசி உகரம் மாதிரி உதட்டைக் குவிக்காமல் சொல்லவும்.)

'-ஸொ', '-னிக்கா' இரண்டுக்குமே 'அதனால்' என்றுதானே பொருள்? மாற்றிப் போட்டால் என்ன டீச்சர்?
கல்லூரி மாணவி, பேட்டை

பொருள் ஒன்றுதாம்மா. ஆனால் வாக்கியம் எங்கே போய் முடிகிறது என்று பார்க்கணும். முடிவில் ஏவலோ, 'வாங்க போவோம்' என்ற அழைப்போ இருந்தால் '-ஸொ' வரவே கூடாது. "மழை பெய்யுது, குடை எடுத்துட்டுப் போங்க" என்பதற்கு 'பிகா ஓனிக்கா உசானுல் காஜொகாஸெயோ'. இங்கே 'பிகா வாஸொ' என்று தொடங்கினால் தப்பு. தமிழில் 'அதனால' ஏவலுக்கும் வரும், செய்திக்கும் வரும். நம்ம பிள்ளைகளுக்குக் கை வழுக்குவது இங்கேதான்.

அடுத்தது காலம். '-ஸொ'வுக்கு முன்னால் இறந்த காலம் ஒட்டாது. "நேத்து மழை பெஞ்சதால வர முடியல" என்றாலும் 'ஒஜே பிகா வாஸொ மோத் வாஸ்ஸொயோ'தான். காலத்தைக் கடைசி வினை பார்த்துக்கொள்ளும். "மார்க்கெட் போய் மீன் வாங்கினேன்" என்கிறோமே, அந்தப் 'போய்' காலம் காட்டுகிறதா? கொரியனிலும் அதே இடத்தில் அதே '-ஸொ'தான்: 'ஷிஜாங்ஏ காஸொ செங்ஸொனுல் ஸாஸ்ஸொயோ'. '-னிக்கா' அப்படி இல்லை. 'வாஸ்ஸுனிக்கா' என்று இறந்த காலத்தையும் தாங்கும்.

மன்னிப்புக் கேட்கும்போது மட்டும் யோசிக்கவே வேண்டாம், '-ஸொ'தான். 'நுஜொஸொ மியான்ஹேயோ', லேட்டா வந்ததுக்கு மன்னிச்சுக்கோங்க. அங்கே '-னிக்கா' போட்டால் மன்னிப்புக் கேட்க வந்தவர் தன் பக்கம் நியாயம் பேசுவது போல ஆகிவிடும்.

'-ல்க்கா ப்வா' என்பதற்கு, என்னிடம் உள்ள இங்கிலீஷ் கைடில் 'பயந்து' என்று போட்டிருக்கிறது. பயமே இல்லாத இடத்திலும் வருகிறதே?
வாசகர், அம்பாசமுத்திரம்

கைடை மூடி வையுங்க. நம்ம 'வந்துருமோன்னு' இருக்கிறதே, அதுதான் இது. "மழை வந்துருமோன்னு குடை கொண்டுவந்தேன்": 'பிகா ஓல்க்கா ப்வா உசானுல் காஜொவாஸ்ஸொயோ'. நாம் '-ஓ' போட்டுக் கேள்வியை உள்ளே வைக்கிறோம். அவர்களும் '-க்கா' என்ற கேள்வி விகுதியைத்தான் வைக்கிறார்கள். இதற்குப் பின்னால் ஏவல் மட்டும் வேண்டாம்.

'பிகா ஓனுராகோ நுஜொஸ்ஸொயோ' (மழை பெய்ததால் லேட் ஆனது) என்று எழுதினேன். சார் சிவப்பு மையில் அடித்துவிட்டார். ஏன்?
பிளஸ் டூ மாணவர், வள்ளியூர்

அடித்தது சரிதான் தம்பி. மழை பெய்தது வானம், லேட்டானது நீ. '-னுராகோ' வர வேண்டுமானால் இரண்டு வேலையும் ஒரே ஆளுடையதாக இருக்கணும். முதல் வேலை அந்த ஆளின் நேரத்தைத் தின்றிருக்கணும், அதனால் இன்னொன்று கெட்டுப்போயிருக்கணும். வண்ணார்பேட்டை ஸ்டாப்பில் கூட்டாளியோடு பேசிக்கிட்டு நின்றதில் பஸ்ஸை விட்டாயா? அதுதான் சரியான உதாரணம்: 'சிங்குஹாகோ இயாகிஹானுராகோ பொஸுருல் நோச்சொஸ்ஸொயோ'. தமிழில் "பேசிக்கிட்டு நின்னதுல" என்று சொல்லிப் பார். அது பொருந்தினால் பெரும்பாலும் இதுவும் பொருந்தும்.

உன் வாக்கியத்துக்கு வேண்டியது '-னுன் பாராமே'. வெளியிலிருந்து திடீரென்று ஒன்று வந்து காரியத்தைக் கெடுத்தால் இது. 'பிகா ஓனுன் பாராமே நுஜொஸ்ஸொயோ' என்று எழுது. ரெண்டிலுமே நல்ல முடிவு வராது. "படிச்சதில் பாஸானேன்" என்பதற்கெல்லாம் இவற்றைத் தொடாதே.

கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடி எங்கள் ஊருக்குப் பக்கம். கொரியன் தமிழிலிருந்து பிறந்தது என்கிறார்களே, கால்டுவெல் சொன்னாரா?
வாசகர், திசையன்விளை

அவர் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் திராவிட மொழிகளைப் பற்றியது. கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுத் தனி நூல் எழுதியவர் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர், 1905-இல். இன்றைய மொழியியலார் அந்த உறவை ஏற்பதில்லை. வினை கடைசியில் வருவதும் விகுதிகள் ஒட்டுவதும் ஜப்பானியத்திலும் துருக்கியிலும்கூட உண்டு. 'அப்பா'வை வைத்து வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்ப வேண்டாம். பிறப்பு எப்படியோ, படிக்க நமக்கு வசதி.

மறைமுகக் கூற்று தலை சுற்றுகிறது. '-தாகோ', '-ஞாகோ', '-ராகோ', '-ஜாகோ' எதற்கு இத்தனை?
வாசகி, தென்காசி

நாம் எல்லாவற்றுக்கும் 'ன்னு' ஒன்றை வைத்து ஓட்டுகிறோம். அவர்கள் சொன்ன வாக்கியத்தின் வகையைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். "போறான்னு" சொன்னால் 'கான்தாகோ', "போறியான்னு" கேட்டால் 'காஞாகோ', "போன்னு" ஏவினால் 'காராகோ', "போவோம்னு" அழைத்தால் 'காஜாகோ'. இதில் '-ராகோ'வுக்கு இரட்டை வேலை: பெயர்ச்சொல்லுக்குப் பின்னும் அதுதான் வரும், 'ஹக்செங்இராகோ', மாணவர்னு.

பேச்சில் இதெல்லாம் சுருங்கிவிடும். 'ஓன்தாகோ ஹேயோ' (வருதுன்னு சொல்றாங்க) என்பது 'ஓன்தேயோ' ஆகும். அது அப்படியே நம்ம '-ஆம்'. 'பிகா ஓன்தேயோ', மழை வருதாம். சீசனில் உங்க ஊரில் நாள் முழுக்கக் கேட்பது இதுதானே, "குத்தாலத்துல தண்ணி விழுதாம்"! 'அருவியில தண்ணி நிறைய இருக்காம்' என்பதற்கு 'போக்போஏ முரி மான்தேயோ'. யாரோ சொல்லக் கேட்டதுக்குத்தான் இது. நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் 'மான்தொராகோயோ', "நிறைய இருந்துச்சு, நானே பாத்தேன்" என்ற பொருளில். ரெண்டையும் மாற்றினால் கேட்கிற கொரியர், நீங்கள் குற்றாலம் போனீர்களா இல்லையா என்று குழம்புவார்.

டோபிக் (கொரிய மொழித் திறன் தேர்வு) இரண்டாம் பிரிவில் கட்டுரையை '-யோ' போட்டு முடிக்கலாமா?
ஐ.டி.ஊழியர், மேலப்பாளையம்

கூடாது. 53, 54-ஆம் கேள்விகளில் 'ஹான்தா', 'மொங்னுன்தா' என்று '-தா'வில்தான் முடிக்கணும். 53-க்கு 30 மதிப்பெண், 200 முதல் 300 எழுத்து. 54-க்கு 50 மதிப்பெண், 600 முதல் 700 எழுத்து. மூன்றாம் நிலைக்கு 300-க்கு 120 போதும் என்பதால் பலர் 54-ஐ வெறுமனே விட்டுவிடுகிறார்கள். பாதியாவது எழுதுங்க. விடைத்தாள் கட்டம் போட்டது. சொல்லுக்கு நடுவே விடும் இடமும் ஒரு கட்டமாகக் கணக்காகும். வீட்டிலும் கட்ட நோட்டிலேயே பழகுங்க. கோடு போட்ட நோட்டில் எழுதினால் 600 ஆயிற்றா இல்லையா என்று தெரியாது.