ரோல்பிளே குழுவில் புதியவருக்கு ஏன் யாரும் பதில் எழுதுவதில்லை?

கேள்வி: ஆளுக்கொரு பாத்திரமாகி மாறி மாறி எழுதிக் கதையை வளர்க்கும் எழுத்துவழி ரோல்பிளே குழு ஒன்றில் சேர்ந்து மூன்று வாரமாகிறது. பழைய ஆட்கள் தங்களுக்குள்ளேயே கதையை நகர்த்துகிறார்கள். என்னை வேண்டுமென்றே ஒதுக்குகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. ஒதுக்கப்பட்டும் இருக்கிறேன், ஒதுக்கியும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் குழு டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் இருந்தது. கதைக்களம் பாண்டியர் கால மதுரை. பகலில் வடக்கு மாசி வீதிக் கடை ஒன்றில் கணக்கு எழுதும் நான், இரவில் உப்பு வண்டி ஓட்டிவரும் உமணப் பெண். மதுரைக்காஞ்சி பாடும் அல்லங்காடியில், அதாவது இரவுச் சந்தையில், மாட்டை அவிழ்த்துவிட்டு அவள் ஓரமாக உட்கார்ந்திருப்பதாக முதல் காட்சியை நாற்பது வரிக்கு எழுதினேன். நான்கு நாள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதே சந்தையில் ஐந்து பேர் ஒரு முத்துமாலைத் திருட்டை விறுவிறுவென்று துப்புத் துலக்கிக்கொண்டிருந்தார்கள். அழகர் வருவதற்குள் மீனாட்சி கல்யாணம் முடிந்துவிட்டது என்பார்கள் நம் ஊரில். அவராவது ஆற்றில் இறங்கினார். எனக்குக் கரைகூடக் கிடைக்கவில்லை.

உள்ளே போன பிறகுதான் காரணம் புரிந்தது. இந்த ஆட்டத்தில் முறை வைத்து எழுத வேண்டும். இருவர் என்றால் ஒரே இரவில் பத்துப் பதிவு ஓடிவிடும். ஆறு பேர் என்றால் ஒருவருக்கு இரவு வேலை, இன்னொருவருக்குத் தேர்வு. ஒரு சுற்று முடியவே ஒரு வாரமாகும். ஆகவே வேகமாக எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்கிறார்கள். நட்பெல்லாம் அதற்குப் பின்னால் வருவது. 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற மேசை விளையாட்டில் ஆட்டத்தை நடத்த ஒருவர் இருப்பார். ‘நீ என்ன செய்கிறாய்?’ என்று ஒவ்வொருவரையும் கேட்பது அவர் வேலை. எங்களிடம் அதைக் கேட்க ஆளில்லை.

தப்பு வேறிடத்தில் நடந்தது. நானும் பழைய ஆளானபின் ஐந்தாறு பேர் தனி அரட்டை வைத்து, திருடன் யார் என்று முன்பே முடிவு செய்துவிட்டோம். ஒற்றனாக ஆடிய மேலூர்ப் பையன் பொதுவில் அருமையான ஒரு தடயத்தைக் கண்டுபிடித்து எழுதினான். எங்கள் முடிவுக்கு அது ஒத்துவரவில்லை, கடந்துபோனோம். “அக்கா, நான் எழுதியதைப் படித்தீர்களா?” என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் குழுவில் அவன் இல்லை.

அதன்பிறகு கதை முடிச்சுகளைப் பொதுவில் மட்டுமே பேசினோம். சந்தை வாசலில் ஒரு சுங்கக்காரரையும் வைத்தோம். வாரம் ஒருவர் அந்தப் பாத்திரத்தை ஏற்று, புதிதாக வருபவரிடம் ஒரு நாளுக்குள் “வண்டியில் என்ன?” என்று கேட்டுவிட வேண்டும்.

உங்கள் குழுவில் சுங்கக்காரர் இல்லையென்றால், ஓரமாக மட்டும் உட்காராதீர்கள். அமைதியாக உட்கார்ந்திருப்பவளுக்கு யார் என்ன பதில் எழுத முடியும்? இரண்டு மூன்று முறை முயன்றும் எல்லாம் தனி அரட்டையிலேயே முடிவாகிறது என்று தெரிந்தால் கிளம்பிவிடுங்கள், உங்கள் எழுத்தில் குறையில்லை.

உமணர் தங்கள் வண்டிக்கு அடியில் சேம அச்சு, அதாவது முறிந்தால் மாற்ற இன்னோர் அச்சு, கட்டியிருப்பார்கள் என்கிறது புறநானூறு. என் உமணப் பெண் அதை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தாள். இரண்டாவது காட்சியில், முத்து வணிகர் கடைக்கு நேர் எதிரே அச்சை முறித்து, வழியை அடைத்து வண்டியை நிறுத்தினேன். அரை மணி நேரத்தில் மூன்று பேர் திட்ட வந்தார்கள்.