நாகர்கோவிலிலிருந்து அம்மா தனியாக லண்டன் போகிறார். திருவனந்தபுரம் – ஹீத்ரோ எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் ஆகும்?

தூரம் சுமார் 8,400 கிலோமீட்டர். நம் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லாததால் திருவனந்தபுரம்தான் நமக்குப் பக்கம். அங்கிருந்து போகும்போது வழியில் ஓரிடத்தில் விமானம் மாற வேண்டியிருக்கும்.

மாறும் இடம் துபாயாக இருப்பது நல்லது. திருவனந்தபுரம் – துபாய் சுமார் 2,900, துபாய் – ஹீத்ரோ சுமார் 5,500. கூட்டிப் பாருங்கள், அதே 8,400. அதாவது துபாய் போகிற வழியிலேயே இருக்கிறது, சுற்றே இல்லை. டெல்லியில் மாறினால் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் கூடும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடிய பிறகு அந்தச் சுற்று இன்னும் அதிகமானது.

துபாய்க்கு 4 மணி நேரம், அங்கிருந்து ஏழு, ஏழரை. ஆக, பறப்பது பதினொன்றரை மணி நேரம். உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுவதால் திரும்பி வரும்போது கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடலாம்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். காலை 10 மணிக்குக் கிளம்பி 12.30க்கு துபாய் என்று போட்டிருந்தால் இரண்டரை மணி நேரப் பயணம் என்று நினைக்க வேண்டாம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை மணி நேரம் பின்னால். அம்மாவின் மாத்திரை வேளையை இதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட வேண்டும். நாகர்கோவிலிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். களியக்காவிளை தாண்டியதும் காரோடு என்ற ஊரில் தொடங்கும் பைபாஸைப் பிடித்தால் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் மாட்டாமல் சாக்கை பக்கம் போய்விடலாம்; வெளிநாட்டு டெர்மினல் அங்கேதான். சங்குமுகம் பக்கம் இருப்பது உள்நாட்டு டெர்மினல், டிரைவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். துபாயில் காத்திருப்பது, ஹீத்ரோவில் இறங்கி வெளியே வருவது என இதெல்லாம் சேர்த்தால் மொத்தம் இருபது, இருபத்தொரு மணி நேரம் ஆகும்.

துபாயில் மாற ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால், டிக்கெட் மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். தனியாகப் போகிற அம்மாவுக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். பெட்டியை இங்கே போட்டால் லண்டனில் எடுத்துக்கொள்ளலாம். நடக்க முடிந்தவராக இருந்தாலும் வீல்சேர் உதவி கேட்டுப் பதிவு செய்யுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஆங்கிலம் தெரியாதவரை அந்த ஊழியரே அடுத்த கேட் வரை கூட்டிக்கொண்டு போவார். தேங்காய் எண்ணெய் பாட்டில் கைப்பையில் வேண்டாம், செக்யூரிட்டியில் எடுத்துவிடுவார்கள், பெட்டியில் வையுங்கள். ஸ்வெட்டர் மட்டும் கைப்பையில் இருக்கட்டும், விமானத்துக்குள்ளேயே குளிரும்.