கூட்டணி மாறுவது குற்றமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுகலை ஆய்வுக்காக மொரீசியஸ் அரசியலைப் படித்து வருகிறேன். 2024 நவம்பர் தேர்தலில் தொழிற்கட்சித் தலைவர் நவீன் ராம்கூலமும் இன்னொரு பெரிய கட்சியின் தலைவர் பால் பெராஞ்சேயும் சேர்ந்து நின்று தீவின் 60 இடங்களையும் வாரிக்கொண்டார்கள். இதே இருவரும் 1995-இல் சேர்ந்தார்கள், 1997-இல் பிரிந்தார்கள், 2014-இல் மறுபடி சேர்ந்து தோற்றார்கள். இடையில் பெராஞ்சே ஜுக்நாத்தோடும் போய் வந்தார். அவரைப் பச்சோந்தி என்றுதான் எழுதத் தோன்றுகிறது. ராம்கூலம், ஜுக்நாத், துவால் என்று சில குடும்பங்களே சுற்றிச் சுற்றி வருகின்றன. கொள்கை என்று ஒன்று அங்கே உண்டா? எதிர்க்கட்சி இல்லாத சபையை ஜனநாயகம் என்பதா? நம் தமிழர்கள் ஏன் இன்னும் தனிக்கட்சி தொடங்கவில்லை?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

கூட்டணி என்றாலே கேவலம் என்று பேசும் வழக்கம் படித்தவர்களிடையே பெருகிவிட்டதே என்று சில நாட்களாக மனம் புழுங்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இந்த வயதில் இவ்வளவு தூரத்துத் தீவைத் தேடிப் படிக்கிறீர்களே, அதற்காக முதலில் என் அன்பு.

சபையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மொரீசியஸ் தீவில் 20 தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று உறுப்பினர்கள். வாக்காளர் மூன்று பெயர்களுக்கு வாக்களிக்க வேண்டும். பெரும்பாலோர் மூன்றையும் ஒரே கூட்டணிக்குப் போடுவதால், நூற்றுக்கு அறுபது சொச்சம் வாக்கு நூற்றுக்கு நூறு இடமாகிவிடுகிறது. 1982-லும் 60-0 வந்தது. ஓராண்டுக்குள் ஆளுங்கட்சியே இரண்டாக உடைந்து, 1983-இல் மறுதேர்தல். 1995-லும் 60-0, இரண்டே ஆண்டுகளில் பெராஞ்சே வெளியேற்றப்பட்டு எதிர்வரிசைக்குப் போனார். அந்த நாட்டில் எதிர்க்கட்சி ஆளுங்கட்சியின் வயிற்றிலிருந்தே பிறந்துவிடும். குடும்ப அரசியல் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் பச்சோந்தி என்ற சொல்லை உங்கள் ஏட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அது ஆய்வு அல்ல, வசை. பெராஞ்சே வெள்ளையர். பிரெஞ்சுக் குடியேறிகளின் வழிவந்த மிகச் சிறிய சமூகத்தவர். இந்திய வம்சாவளியினர் பெரும்பான்மையாக உள்ள தீவில் அப்படி ஒருவர் தனித்து நின்று பிரதமராவது நடக்காத காரியம். 2000-இல் அவரும் அனிரூத் ஜுக்நாத்தும் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள்: முதல் மூன்று ஆண்டு ஜுக்நாத் பிரதமர், மீதிக் காலம் பெராஞ்சே. இதை மறைக்காமல் வாக்காளர் முன்னால் வைத்தே தேர்தலில் நின்று வென்றார்கள். 2003 செப்டம்பரில் சொன்னபடி ஜுக்நாத் நாற்காலியை விட்டு எழுந்தார். இந்து அல்லாத ஒருவர் முதல்முறையாக அங்கே பிரதமரானார். பதவியில் இருப்பவர் கொடுத்த வாக்குக்காக எழுந்து இடம் விடுவதைவிடப் பெரிய கொள்கை எது என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்தத் தீவுக்குப் போயிருந்தபோது ரோஸ்ஹில் ஊரில் ஒரு தமிழ்ப் பெரியவர் வீட்டில் சாப்பிட்டேன். மூன்று தலைமுறையாக, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல்தான் வீட்டுமொழி. தமிழில் தேவாரம் பாடுவார், பேசத் தடுமாறுவார். நான் அன்று ஏறக்குறைய உங்களைப் போலவே, இந்தக் கூட்டணிகளில் கொள்கை உண்டா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பணப்பையைத் திறந்து நோட்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். 100 ரூபாயில் தொழிற்கட்சியின் ரங்கநாதன் சீனிவாசன், நம்மவர். 200-இல் முஸ்லிம்களின் தலைவர் அப்துல் ரசாக் முகமது. 500-இல் சுக்தேவ் பிசுந்தயாள். 1000-இல் கயத்தான் துவால். 2000 ரூபாய் அவரிடம் இல்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு, ‘இங்கே சிவசாகர் ராம்கூலம்’ என்று மேசையைத் தட்டிக் காட்டினார். நாட்டின் முதல் பிரதமர், நவீனின் தந்தை.

பிறகு நோட்டுகளை நகர்த்தத் தொடங்கினார். 1967 தேர்தலில் பிரிட்டனிடமிருந்து விடுதலை வேண்டும் என்று 200-உம் 500-உம் 2000-உம் ஒரு பக்கம். வேண்டாம் என்று 1000 மறுபக்கம். துவால் பக்கம் ஏறக்குறைய 44 சதவீத வாக்கு விழுந்தது. இந்துப் பெரும்பான்மையின் ஆட்சிக்கு அஞ்சிய மக்களின் வாக்கு அது. 1968 ஜனவரியில் தலைநகர் போர்ட் லூயிஸில் ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல்களும் முஸ்லிம்களும் வெட்டிக்கொண்டார்கள், பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது. மார்ச் 12 அன்று விடுதலை. நாட்டின் பாதியை அச்சத்தில் வைத்துக்கொண்டு ராம்கூலம் ஆண்டிருக்கலாம். அவர் 1969-இல் துவாலை அழைத்து அமைச்சராக்கினார். பெரியவர் 1000 ரூபாயை எடுத்து இந்தப் பக்கம் வைத்தார். 500 ரூபாயை எதிர்ப்பக்கம் தள்ளினார். அந்தக் கூட்டணியைச் சகியாத பிசுந்தயாள் எதிர்க்கட்சித் தலைவராகிவிட்டார்.

அதற்கு விலை இல்லாமல் இல்லை. 1972-இல் வரவேண்டிய தேர்தல் 1976-க்குத் தள்ளிப்போனது. நெருக்கடிநிலை வந்தது, பெராஞ்சே உள்ளிட்ட இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். அது அநியாயம்தான். ஆனாலும் நேற்று விடுதலையையே எதிர்த்தவனை இன்று அமைச்சரவையில் உட்கார வைத்ததால்தான், அவன் பின்னால் நின்ற லட்சக்கணக்கானோருக்கு அது தங்கள் நாடாயிற்று. தோற்றவனை ஊரைவிட்டு ஓட விடாத அரசியல் அது. இதைக் கொள்கையின்மை என்று எழுதப் போகிறீர்களா? அங்கே தேர்தல் நெருங்கினால் கட்சிகளின் பேச்சுவார்த்தைக்குக் கிரியோலில் ‘கோஸ்-கோஸே’ என்பார்கள். பத்திரிகைகள் கேலி செய்யும், மக்கள் சலித்துக்கொள்வார்கள். செய்யட்டும். பேசிக்கொண்டிருக்கும்வரை யாரும் யார் வீட்டையும் கொளுத்துவதில்லை.

அடுத்து, நம்மவர்களுக்குத் தனிக்கட்சி. இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. எங்கோ ஒரு தீவில் நிம்மதியாக வாழ்கிறவர்களை ஒரு வேலிக்குள் போய் நில்லுங்கள் என்று திருச்சியில் இருந்துகொண்டு சொல்ல உங்களுக்கு என்ன உரிமை? ஒப்பந்தக் கூலிகளுக்கு முன்பே, பிரெஞ்சு ஆட்சியிலேயே கைவினைஞர்களாகப் புதுச்சேரியிலிருந்து போனவர்கள் அவர்கள். நோட்டில் ஆங்கிலத்தை அடுத்துத் தமிழ் இருப்பது அந்த முதன்மையின் அடையாளம். 1998-இல் புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கினார்கள். தமிழர்கள் தெருவில் இறங்கினார்கள். அச்சடித்து வெளியிட்ட நோட்டுகளையே அரசு திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சிட்டது. தமிழர்கள் எல்லாக் கட்சியிலும் இருந்தார்கள். எந்தக் கூட்டணியும் அவர்கள் வாக்கை இழக்கத் துணியவில்லை. தனிக்கட்சி வைத்து ஓரிரண்டு இடங்களோடு மூலையில் உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்குமா? வீராசாமி ரிங்காடு தொழிற்கட்சியில் நிதியமைச்சராக இருந்து, 1992-இல் குடியரசின் முதல் தலைவரானார். அவரைத் தேடிப் படியுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வேட்புமனுவில் ஒவ்வொருவரும் இந்து, முஸ்லிம், சீனர், இம்மூன்றிலும் சேராதவர்களுக்கான பொதுச் சமூகம் என்ற நான்கில் தான் எது என்று குறிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. தோற்றவர்களில் சிலருக்குச் சமூகக் கணக்குப் பார்த்து அதிகபட்சம் எட்டு இடங்கள் தருவதற்கு அது தேவைப்படுகிறது. பார்க்கிற கணக்கோ 1972 கணக்கெடுப்பு! அதற்குப் பிறகு சமூகவாரியாக யாரும் எண்ணவே இல்லை. ரெசிஸ்தான்ஸ் எக் ஆல்தெர்நாதிவ் என்ற சிறிய இடதுசாரிக் கட்சியினர் எழுத மாட்டோம் என்று மறுத்தார்கள், மனுக்கள் தள்ளுபடியாயின. ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போய் 2012-இல் தங்கள் பக்கம் நியாயம் என்று பெற்றார்கள். 2024-இல் நீங்கள் பழிக்கும் அதே கூட்டணியில் சேர்ந்துதான் அவர்கள் சபைக்குள் நுழைந்தார்கள். உங்கள் ஏட்டை அங்கிருந்து தொடங்குங்கள். முதல் அத்தியாயம் முடிந்ததும் அனுப்பிவையுங்கள், படிக்கிறேன்.