தனியாருக்குச் சொந்தமான சின்ன மண் அணையால் ஆபத்து வருமா?

வரும். வாங்கிய நிலத்தோடு ஒரு பழைய மண் அணையும் வந்தது, இருபது அடி உயரம்கூட இருக்காது, இதற்குப் போய்க் கவலைப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏரிக்கரை, பண்ணைக்குட்டை வேலைகளில் இருப்பவன் நான். கரையின் உயரத்தை விடுங்கள். அதற்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டொக்கோவா அருவிக்கு மேலே கெல்லி பார்ன்ஸ் என்றொரு அணை இருந்தது. உயரம் ஏறக்குறைய 40 அடி. சிறு மின் நிலையத்துக்காக 1899-இல் கட்டியதை, பிறகு அங்கிருந்த பைபிள் கல்லூரி மண் போட்டு உயர்த்தியது. 1957-இல் மின் உற்பத்தி நின்றுபோக, வெறும் ஏரியாக மிஞ்சியது. 1977 நவம்பர் 6 அன்று, நல்ல மழைக்குப் பிறகு, நள்ளிரவு தாண்டிக் கரை உடைந்தது. 39 பேர் இறந்தார்கள், அதில் பலர் குழந்தைகள். இன்னதுதான் காரணம் என்று விசாரணையில் அறுதியிட முடியவில்லை. ஆனால் வெளிச்சரிவு, அதாவது தண்ணீர் இல்லாத பக்கத்துச் சரிவு, மிகவும் செங்குத்தாக இருந்தது, அதில் மரங்கள் வளர்ந்திருந்தன. 1973-இல் எடுத்த படத்திலேயே அங்கே மண் சரிந்து கிடப்பது தெரிகிறது. நாலு வருஷம் முன்பே அறிகுறி இருந்திருக்கிறது என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் அணையில் உபரி நீர் வெளியேறும் கலிங்கு எங்கே இருக்கிறது? முதலில் அதைத் தேடுங்கள். மண் கரைமேல் தண்ணீர் வழியவே கூடாது. வழிந்தால் சில மணி நேரத்தில் அறுத்துவிடும். ஹவாயின் கவாய் தீவில் கா லோகோ அணை 2006 மார்ச்சில் உடைந்து 7 பேர் இறந்தார்கள். அதுவும் தனியார் அணைதான், கரும்புத் தோட்டப் பாசனத்துக்குக் கட்டியது. உபரி நீர் போகும் கலிங்கை மண் போட்டு மூடியிருந்ததால் தண்ணீர் கரைமேல் ஏறியிருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. மீன் போகாமலிருக்கக் கலிங்கில் வலை கட்டுவது, கொஞ்சம் கூடுதலாகத் தேக்க மணல் மூட்டை அடுக்குவது எல்லாம் நம் பக்கமும் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

அப்புறம் கசிவு. மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். வெளிச்சரிவின் அடியில், முக்கியமாக மதகுக் குழாய் வெளியே வரும் இடத்தில், கசியும் நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக, எப்போதும் ஒரே அளவில் வந்தால் சரி, கவனித்துக்கொண்டே இருங்கள். கலங்கலாக வந்தாலோ அடியில் வண்டல் படிந்தாலோ, கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று அர்த்தம். உள்ளே ஒரு துளை வளர்ந்துகொண்டிருக்கிறது.

நண்டு வளை, எலி வளையை உடனே அடைக்க வேண்டும். கரையில் முளைக்கும் செடியைச் சின்னதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். பெரிய மரத்தை மட்டும் நீங்களாக வெட்ட வேண்டாம். வேர் உள்ளே மட்கினால் அதுவே தண்ணீருக்கு வழியாகிவிடும். மண் அணை தெரிந்த பொறியாளரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கலங்கல் நீரைக் கண்டால் கீழே இருப்பவர்களுக்கும் நீர்வளத் துறைக்கும் உடனே சொல்லிவிட்டு, மதகைத் திறந்து நீர்மட்டத்தை இறக்கத் தொடங்குங்கள். கரை உடையும் நிலையில் இல்லாதவரை மெதுவாகவே இறக்குங்கள். ஒரேயடியாக இறக்கினால், ஊறிப்போன உள்சரிவு தண்ணீரின் தாங்கல் இல்லாமல் சரிந்துவிடும்.