எனம் மதிப்புகளுக்குக் கூடுதல் பண்புகள்: ஸ்கீமாவில் எங்கே வைப்பது?

ஜாவாவில் ஆர்டர் நிலைக்கு ஒரு எனம் (முன்கூட்டியே பட்டியலிட்ட மதிப்புகளை மட்டும் கொண்ட வகை) வைத்திருக்கிறோம். திரையில் காட்டும் பெயர், நிறம், 'இந்த நிலையோடு ஆர்டர் முடிந்ததா' என்ற ஆம்/இல்லை மூன்றும் ஒவ்வொரு மதிப்புக்கும் கன்ஸ்ட்ரக்டரில் வருகின்றன. சர்வீஸ்களுக்கிடையே தரவைப் பைனரியாக அனுப்பும் புரோட்டோபஃபுக்கு மாறும்போது இவற்றை எங்கே வைப்பது?

புரோட்டோபஃபில் எனம் மதிப்பு என்றால் ஒரு பெயரும் ஒரு 32 பிட் முழு எண்ணும்தான். பைனரியில் அந்த எண் மட்டுமே போகும். மற்றதைச் சேர்த்து வைக்க ஸ்கீமாவிலேயே, அதாவது தரவின் அமைப்பை வரையறுக்கும் கோப்பிலேயே, முறையான இடம் உண்டு, அதுதான் கஸ்டம் ஆப்ஷன். 'எனம்வேல்யூஆப்ஷன்ஸ்' என்ற மெசேஜை (ஃபீல்டுகளின் தொகுப்பு) எக்ஸ்டெண்ட் செய்து உங்கள் ஃபீல்டை அறிவியுங்கள். அப்புறம் ஒவ்வொரு எனம் மதிப்புக்கும் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் பண்பை எழுதிவிடலாம். ஃபீல்டு எண்ணை 50000 முதல் 99999 வரைக்குள் எடுங்கள்; நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ள ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. பண்புக்கு ஒரு ஆப்ஷன் என்று அடுக்காமல், ஒரே ஒரு மெசேஜ் வகை ஆப்ஷனை அறிவித்து எல்லாவற்றையும் அதற்குள் போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. பின்னால் ஒரு பண்பு கூடினாலும் புது எக்ஸ்டென்ஷன் எண் தேட வேண்டியதில்லை.

இந்த ஆப்ஷன்களை இயங்கும்போது டிஸ்கிரிப்டர் (ஸ்கீமாவின் விவரங்களைத் தரும் ஆப்ஜெக்ட்) வழியாகத்தான் படிக்க முடியும். புரோட்டோபஃபின் சிறிய லைப்ரரியான லைட் ரன்டைமில் டிஸ்கிரிப்டர் கிடையாது. ஆண்ட்ராய்டு ஆப்பில் லைட் பயன்படுத்துகிறீர்கள் என்றால், பில்டு நேரத்திலேயே ஆப்ஷன்களைப் படித்துச் சாதாரண அட்டவணை நிரலாக எழுதிக்கொடுக்கும், புரோட்டோசி என்ற புரோட்டோபஃப் கம்பைலருக்கான சின்ன பிளக்இன் ஒன்று வேண்டியிருக்கும்.

சரி, வழி இருக்கிறது என்பதற்காக மூன்றையும் உள்ளே கொண்டுவர வேண்டாம். 'முடிந்ததா' என்பது அந்த நிலையின் பொருளிலேயே இருக்கிறது. எல்லா சர்வீஸும் அதில் ஒரே பதில் சொல்ல வேண்டும். அது ஸ்கீமாவுக்குள் இருக்கட்டும். நிறம் திரை எழுதுபவரின் விஷயம். காட்டும் பெயர் மொழிபெயர்ப்புக் கோப்புகளில் இருக்க வேண்டியது. ஒரு நிறத்தை மாற்ற எல்லா சர்வீஸையும் மறுபடி பில்டு செய்யும் நிலைக்கு உங்கள் குழுவைத் தள்ளாதீர்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு? எனத்துக்குப் பதிலாகக் குறியீடு, பெயர், முடிந்ததா என்று மூன்று ஃபீல்டு உள்ள மெசேஜாகவே அனுப்பினால் என்ன?

அனுப்பலாம், ஆனால் விலை கொடுக்க வேண்டும். மாறாத ஒரு தகவலை ஒவ்வொரு மெசேஜிலும் நகலெடுத்து அனுப்புகிறீர்கள். நாளைக்கு ஒரு சர்வீஸ் 'ரத்து, முடியவில்லை' என்று முரணாக அனுப்பினால் எதை நம்புவது? ஸ்கீமா அதைத் தடுக்காது. ஜாவாவில் ஜாக்சன் என்ற ஜேசன் லைப்ரரியை வைத்து எனத்தை ஆப்ஜெக்ட் வடிவில் சீரியலைஸ் செய்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். திரும்ப உள்ளே வரும்போது எந்த ஃபீல்டை வைத்து மதிப்பை அடையாளம் காண்பது என்பதை நீங்களே எழுதித்தர வேண்டியிருக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த நேரத்தில் என்ன மதிப்பு இருந்தது என்பதே பதிவாக வேண்டுமென்றால், உதாரணமாகப் பில் போட்ட நாளின் வரி விகிதம், அதை மெசேஜில்தான் வைக்க வேண்டும். அது எனத்தின் பண்பே அல்ல, அந்தப் பில்லின் தகவல்.

புரோட்டோபஃப் போன்ற இன்னொரு தரவு வடிவமான ஆவ்ரோவில் எனம் சிம்பல்களுக்கு (அதாவது மதிப்புகளுக்கு) ஆப்ஷன் எதுவும் இல்லையே?

ஒவ்வொரு சிம்பலுக்கும் தனியாக இல்லை. சிம்பல்கள் வெறும் ஸ்ட்ரிங் பட்டியல்; எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறு எதுவும் வரக்கூடாது, எண்ணில் தொடங்கவும் கூடாது. ஆனால் ஆவ்ரோ தனக்குத் தெரியாத பண்புகளை ஸ்கீமாவில் மெட்டாடேட்டாவாக அனுமதிக்கிறது. அதனால் எனம் அறிவிப்பிலேயே, சிம்பல் பெயரைச் சாவியாகக் கொண்ட ஒரு ஜேசன் ஆப்ஜெக்டை வைக்கலாம். அதைப் படிக்கும் நிரல் உங்கள் பொறுப்பு.

கவனிக்க வேண்டிய இடம் இங்கேதான். ஸ்கீமாவின் கைரேகையை (ஸ்கீமாவை அடையாளம் காட்டும் சுருக்க மதிப்பு) கணக்கிடும் முன் ஆவ்ரோ அதை ஒரு நியம வடிவத்துக்குக் குறைக்கிறது. அதில் உங்கள் கூடுதல் பண்புகள் எல்லாம் உதிர்ந்துவிடும். பண்பை மட்டும் மாற்றினால் கைரேகை மாறாது. கைரேகையை வைத்து ஸ்கீமாவை கேஷ் செய்யும் கிளையன்ட் பழைய பண்பையே பிடித்துக்கொண்டிருக்கும், பிழைச் செய்தி ஒன்றும் வராது.

வெப் ஏபிஐகளை விவரிக்கும் ஓப்பன்ஏபிஐயில் ஒவ்வொரு மதிப்புக்கும் விளக்கம் எழுத வேண்டும்.

3.1 பதிப்பில் இருக்கிறீர்கள் என்றால், 'எனம்' என்ற சாவிச்சொல்லை விட்டுவிட்டு 'ஒன்ஆஃப்' பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு உறுப்பிலும் 'கான்ஸ்ட்', 'டைட்டில்', 'டிஸ்கிரிப்ஷன்'. முழுக்க ஜேசன் ஸ்கீமா விதிப்படியே அமைவதால் வேலிடேட்டர்களுக்குப் பிரச்சினை இல்லை. 'எக்ஸ்' என்று தொடங்கும் எக்ஸ்டென்ஷன்களைச் சில நிரல் ஜெனரேட்டர்கள் புரிந்துகொள்ளும், சில கண்டுகொள்ளாது. உங்கள் ஜெனரேட்டர் எந்த வகை என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

ரஸ்ட் மொழியில் 'ரத்து' என்ற நிலைக்குள் காரணத்தையும் வைக்கிறோம். இதுவும் அதேதானா?

இல்லை, இது வேறு. காரணம் ஒவ்வொரு ஆர்டருக்கும் மாறும். இதற்குப் புரோட்டோபஃபில் 'ஒன்ஆஃப்' (பல ஃபீல்டுகளில் ஒன்று மட்டும் இருக்கும் அமைப்பு; ஓப்பன்ஏபிஐயின் 'ஒன்ஆஃப்' அல்ல), ஆவ்ரோவில் ரெக்கார்டுகளின் யூனியன். இதற்கு ஆப்ஷன் பக்கமே போக வேண்டாம்.

புது மதிப்பு ஒன்று சேர்த்தோம். பழைய கிளையன்டில் அதன் பண்பை எடுக்கப் போய் ஆப் விழுந்துவிட்டது.

புரோட்டோ3 என்ற புரோட்டோபஃப் பதிப்பில் எனங்கள் திறந்தவை. தெரியாத எண் வந்தாலும் ஜாவா அதை ஏற்று 'அன்ரெகக்னைஸ்டு' என்று கையில் கொடுக்கும். ஆனால் அதனிடம் டிஸ்கிரிப்டரைக் கேட்டால் எக்ஸெப்ஷன் எறியும். பண்பை எடுக்கும் இடங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபங்ஷனுக்குள் கொண்டுவந்து, வந்தது 'அன்ரெகக்னைஸ்டு' மதிப்பா என்று முதலில் சோதியுங்கள். அப்படியானால் ஆபத்தில்லாத பதில் எது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும். 'முடிந்ததா' என்பதற்கு 'இல்லை' என்பதே என் தேர்வு: திறந்திருப்பதாக நினைத்த ஆர்டரை மறுபடி பார்த்துக்கொள்ளலாம், முடிந்ததாக நினைத்ததை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆவ்ரோவில் 1.9 முதல் எனத்துக்கு 'டிஃபால்ட்' சிம்பல் தரலாம். படிப்பவரின் ஸ்கீமாவில் இல்லாத சிம்பல் வந்தால் அந்த 'டிஃபால்ட்' எடுத்துக்கொள்ளப்படும்.

மதிப்புகள் அடிக்கடி கூடிக்கொண்டே இருந்தால் எனத்தையே விட்டுவிடுங்கள். ஸ்ட்ரிங்காக ஒரு குறியீடு மட்டும் அனுப்பி, பண்புகளைத் தனி அட்டவணையில் வைத்து, கிளையன்ட்கள் அதை அவ்வப்போது இறக்கிக்கொள்ளும்படி செய்யுங்கள்.